நனையாமல் நடக்க முடியுமா? மழை உடை பற்றி வாசகர் கேள்விகள்

முதுகில் பையோடு நாலைந்து நாள் நடக்கப் போகிறவர்கள், மழைக்கு என்ன எடுத்துப் போவது என்று கேட்டு எழுதிய கடிதங்கள் இந்த மாதம் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் குளிர் பற்றிய கேள்வியையாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, போன வருஷம் நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். வாட்டர்புரூஃப் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மழையில் ஒரு மணி நேரம் ஏற்றம் ஏறியதும் உள்ளே சட்டையைப் பிழியலாம் போல ஈரம். தேடிப் பார்த்தால் ஓட்டை எதுவும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. பெரும்பாலும் அது உங்கள் வியர்வை. பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பது சாதாரணம், சிலருக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். அவ்வளவும் அந்த ஜாக்கெட்டைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

ஆவியை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத துணிகளில் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். 1969-ல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. கோர்டெக்ஸ் என்ற பெயர்பெற்ற மழைத்துணி வந்தது அதிலிருந்துதான். இப்போது பாலியூரித்தேன் சவ்வு, பாலியெத்திலீன் சவ்வு என்று பல வகை இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் சவ்வு தானாக எதையும் வெளியே தள்ளாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால் ஆவி வெளியே நகரும், அவ்வளவுதான். வெளியே வெக்கையான மழை, காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும், அப்புறம் உலகத்திலேயே சிறந்த சவ்வாக இருந்தாலும் ஆவி உள்ளேயே நின்று தண்ணீராகிவிடும். குளிரான மழையில் இதே ஜாக்கெட் ஓரளவு நன்றாக வேலை செய்வதை நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். புது ஜாக்கெட்டில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். மேல்துணியில் போட்டிருக்கும் நீர்விலக்குப் பூச்சு செய்கிற வேலை அது. அது தேய்ந்துபோனதும் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிச் சில்லென்று ஆகிவிடும். அடியில் இருக்கும் சவ்வு அப்போதும் மழையை நிறுத்திக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் மூடிக்கொண்டதால் ஆவிக்கு வழி அடைபட்டுப்போகும். ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது இந்த நிலையைத்தான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜாக்கெட்டின் வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு வாளியின் வாயில் விரித்து, சந்தேகப்படும் இடத்தைக் குழியாக அழுத்தி, அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அடிப்பக்கத்தை உலர்ந்த விரலால் தடவும்போது விரல் நனையவில்லை என்றால் துணி நன்றாகத்தான் இருக்கிறது. தோள்பட்டைத் தையலிலும் ஹூட் இணைகிற இடத்திலும் இதைச் செய்யுங்கள், ஒழுகினால் முதலில் அங்கேதான் ஒழுகும்.

அடுத்த முறை ஏற்றம் தொடங்கும் முன்பே உள்ளே போட்டிருக்கும் ஒரு உடுப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. அக்குள் ஜிப் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். மூச்சு வாங்காத வேகத்தில் நடங்கள். சவ்வு மாற்றுவதைவிட இந்த மூன்றும் அதிகம் உதவும்.

கேள்வி: 10,000, 20,000 என்று எண்கள் போடுகிறார்களே, எது வாங்கலாம்?

இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது தண்ணீரைத் தாங்குவதற்கு. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஏற்றினால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் கசிய ஆரம்பிக்கிறது என்பதுதான் அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. 1,200, 1,500 என்று குறித்த கூடாரத் துணிகளே இரவு முழுக்கப் பெய்யும் மழையைத் தாங்குகின்றன. ஜாக்கெட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பையின் பட்டை தோளை அழுத்துவதாலும், ஈரப் பாறையில் உட்காருவதாலும், முழங்காலை ஊன்றுவதாலும்தான். 10,000 இருந்தால் பை சுமந்து நடக்கிறவருக்கு நிறைவாகப் போதும். அதற்கு மேலே எண் ஏற ஏற மழையில் உங்களுக்குத் தெரியும்படி ஒரு வித்தியாசமும் வராது.

இரண்டாவது எண் ஆவி வெளியேறுவதற்கு, ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகிறது என்ற கணக்கு. 20,000 என்றால் மணிக்கு 830 கிராம் சொச்சம். அடேயப்பா, என் வியர்வை முழுக்கப் போய்விடுமே என்று தோன்றும். அது பரிசோதனைக்கூடத்தில், வித்தியாசத்தை வேண்டுமென்றே பெரிதாக வைத்து எடுத்த எண். மழைக்காட்டில் அதன் ஒரு பங்குதான் கிடைக்கும். தவிர, துணியால் வாயை மூடிய கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து அளந்தால் ஒரு எண் வரும், கவிழ்த்து வைத்து அளந்தால் வேறு எண், சில துணிகளில் பல மடங்கு வேறுபடும். எந்த முறையில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு கம்பெனி எண்களை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். ரெட் (RET) என்ற அளவைக் கொடுத்திருந்தால் அதை நம்பலாம். அது ஆவிக்குத் துணி காட்டும் எதிர்ப்பு, அதனால் குறைய குறைய நல்லது. 6-க்குக் கீழே மிக நல்லது, 20-க்கு மேலே போனால் அதைப் போட்டுக்கொண்டு ஏற்றம் ஏற முடியாது.

என்னைக் கேட்டால், எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஜிப்பைப் பாருங்கள். அக்குளில் நீளமான ஜிப் வைத்த சாதாரணத் துணி, ஜிப்பே இல்லாத உயர்ந்த துணியைவிட உங்களை உலர்வாக வைக்கும். ஒரு கை நீளத்துக்குத் திறந்த வழியில் போகிற காற்று எந்தச் சவ்விலும் போகாது.

கேள்வி: பான்சோ, ஜாக்கெட், குடை. மூன்றில் எதற்கு எடை குறைவு, எதை நம்பிப் போகலாம்? நான் மரங்கள் அடர்ந்த தடத்தில்தான் அதிகம் நடப்பேன், உயரமான மேடுகளுக்குப் போவதில்லை.

நீங்கள் தடத்தைப் பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இந்தக் கேள்விக்கு அது தெரியாமல் பதில் சொல்லவே கூடாது.

காற்று அதிகம் இல்லாத, வெக்கையான, மரம் சூழ்ந்த பாதை என்றால் தலைவழியாகப் போர்த்திக்கொள்ளும் பான்சோவை நான் தயங்காமல் சொல்வேன். உங்களையும் பையையும் ஒரே துணி மூடும், அதனால் பைக்குத் தனி உறை வேண்டாம். அடியில் முழுக்கத் திறந்திருப்பதால் நடக்க நடக்கக் காற்று உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான் பான்சோ 200 முதல் 300 கிராம் வரும். அந்தத் துணி வழியாக ஆவி போகவே போகாது, ஆனால் இத்தனை காற்றோட்டம் இருக்கும்போது அது பெரிய குறையாகத் தெரியாது. சில பான்சோக்களின் ஓரத்தில் கண்ணிகள் இருக்கும், இரவில் கயிறு கட்டிக் கூரையாக விரிக்கலாம். அப்படி வாங்கினால் கூடாரத்தின் எடையே மிச்சம். ஆனால் கொட்டும் மழையில் முகாம் அடிக்கும் நேரத்தில் கூரையாகக் கட்டுவதற்கு அதைக் கழற்றியாக வேண்டும், அந்தப் பத்து நிமிடம் நீங்கள் நனைவீர்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

பான்சோவுக்கு எதிரி காற்றுதான். திறந்த மேட்டில் காற்று பிடித்தால் அது மேலே எழும்பி முகத்தில் அடிக்கும், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. குறுகலான தடத்தில் அது ஆபத்து. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் ஓரளவு அடங்கும். முள்செடி நெருங்கிய பாதையில் கிழிந்துவிடும் என்பதும் உண்மை. பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடத்துக்குப் பான்சோ வேண்டவே வேண்டாம்.

குடையைப் பலர் மலைநடைக்கு ஒவ்வாத பொருளாகப் பார்க்கிறார்கள், அது சரியில்லை. 200 கிராமை ஒட்டிய எடையில், உலோகக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பி வைத்த குடைகள் கிடைக்கின்றன. தலையும் தோளும் உலர்ந்து, முகத்தில் காற்று படும்படி நடப்பதைப் போலச் சுகம் எந்த ஹூட்டிலும் கிடையாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இதை முதலில் முயன்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹூட்டுக்குள் கண்ணாடியில் ஆவி படிந்து பாதையே மங்கலாகிவிடும். கையில் பிடிக்க வேண்டாம், பையின் தோள்பட்டையில் இரண்டு வார்ப்பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் குடையை மட்டும் நம்பி மலைக்குப் போகாதீர்கள். காற்று வந்தால் மடக்கி வைக்க வேண்டியிருக்கும், இடி இடிக்கும்போது திறந்த வெளியில் உலோகக் கம்பிக் குடையை விரிக்கவே கூடாது.

காற்று, குளிர், உயரம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜாக்கெட்தான்.

கேள்வி: 150 கிராமுக்கும் குறைவான ஜாக்கெட் பார்த்தேன், உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. 350 கிராம் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும்?

எடையைக் குறைக்க ஆசைப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் அந்த 200 கிராம் எங்கிருந்து குறைந்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் நூல். துணியின் நூல் பருமனை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள், அட்டையில் 10டி, 20டி, 40டி என்று இருக்கும். 10டி என்றால் மிக மெல்லியது. பை சுமக்காமல் ஓடுகிறவருக்கு அது போதும். பத்து கிலோ பையின் பட்டை தோளிலும், இடுப்புப் பட்டை இடுப்பிலும் நாள் முழுக்க உரசும்போது 10டி துணியில் பூச்சு தேய்ந்து, அப்புறம் சவ்வே உரிந்து போகும். உள்பக்கமாகத் தோளில் ஒரு மங்கலான வட்டமோ கொப்புளம் போன்ற சுருக்கமோ தெரிந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பையோடு நடக்கிறவருக்கு என் கணக்கில் 20டி-க்குக் கீழே போக வேண்டாம், கரடுமுரடான பாதை என்றால் 30, 40.

அடுத்து அடுக்குகள். மேல்துணி, சவ்வு, உள்துணி மூன்றையும் ஒன்றாக ஒட்டியது மூன்றடுக்கு. உள்துணிக்குப் பதிலாகச் சவ்வின்மேல் ஒரு மெல்லிய அச்சோ பூச்சோ கொடுத்தது இரண்டரை அடுக்கு, எடை குறைந்தவற்றில் பல இந்த வகையாகத்தான் இருக்கும். வெறும் கையோடு போட்டால் ஈரமான பிளாஸ்டிக் தாள்போல ஒட்டும், நீண்ட கைச் சட்டையின் மேலே போட்டால் தெரியாது. தோலின் எண்ணெயும் உப்பும் நேரடியாகச் சவ்வில் படுவதால் சீக்கிரம் கெட்டும் போகும். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை நடக்கிறவருக்கு இரண்டரை அடுக்கு சரியான தேர்வு. மழைக்காலம் முழுக்க நடக்கிறவர் மூன்றடுக்கு வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும். இன்றைய மூன்றடுக்கு ஜாக்கெட்டுகள் 250 கிராமுக்கு உள்ளேயும் வந்துவிட்டன.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நெய்யாத பாலிப்ரோப்பிலீன் துணியில், காகிதம்போல இருக்கும் ஜாக்கெட்டுகள் 160 கிராம் அளவில் கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்காது, தொளதொளவென்று இருக்கும், ஒரு முள் பட்டால் கிழியும். ஆனால் மழையை நிறுத்தும், ஆவியையும் நன்றாக விடும், விலையும் மற்றவற்றோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அகலமான, சுத்தமான பாதையில் நடக்கப் போகிற புதியவருக்கு நான் இதையே சொல்வேன், கூடவே ஒரு சாண் ஒட்டுநாடாவும் எடுத்துப் போகச் சொல்வேன். முதல் இரண்டு நடையில் உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது, எந்த மாதிரி மழையில் நடக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு பெரிய செலவு செய்யலாம்.

மழை வருமா என்றே தெரியாத, உலர்ந்த பருவத்தில் நடக்கப் போகிறீர்கள் என்றால் 150 கிராம் ஜாக்கெட் தாராளமாகப் போதும். அது பையின் அடியில் கிடக்கப் போகிற பாதுகாப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், உள்ளே கொஞ்சம் பாரம் வைத்து. குளிருக்குப் போடும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேல்சட்டையைப் போட்டு அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, பையை மாட்டுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் நீளம் பற்றாது, மணிக்கட்டு நாலு விரல் அகலத்துக்கு வெளியே வந்தால் கை நீளம் பற்றாது.

அப்புறம் ஹூட். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கயிறுகளை இறுக்கிவிட்டு தலையை இடது பக்கம் திருப்புங்கள். ஹூட்டும் கூடவே திரும்ப வேண்டும். நீங்கள் திரும்பியும் ஹூட் அப்படியே நின்று, கண்ணுக்கு முன்னால் துணியின் உள்பக்கம் தெரிகிறது என்றால் அந்த ஜாக்கெட்டை வைத்துவிடுங்கள், மழையில் பாதை கடக்கும்போது பக்கத்தில் வருவதைப் பார்க்க முடியாது. நெற்றிக்கு மேல் விறைப்பான ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அது இல்லாத எடை குறைந்த ஜாக்கெட்டுகளில் தண்ணீர் நேராகப் புருவத்தில் வழியும், அதற்கு முன்பக்கம் விளிம்பு வைத்த மெல்லிய தொப்பி ஒன்றை ஹூட்டுக்குள் போட்டுக்கொண்டால் போதும்.

கைமுனையில் இறுக்கும் பட்டை இருக்கிறதா பாருங்கள். ஊன்றுகோல் பிடித்து நடக்கும்போது கை மேலேயே இருப்பதால், தண்ணீர் விரலிலிருந்து மணிக்கட்டு வழியாக முழங்கை வரை உள்ளே இறங்கும். வெறும் எலாஸ்டிக் இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி உள்ளே கடத்தும். ஜாக்கெட்டின் பாக்கெட்டுகள் முதுகுப் பையின் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் பட்டை போட்டதும் திறக்கவே முடியாது. எல்லாத் தையலிலும் உள்ளே பட்டையாக நாடா ஒட்டியிருக்க வேண்டும், சிலவற்றில் தோளிலும் ஹூட்டிலும் மட்டும் ஒட்டியிருப்பார்கள், அது பல நாள் நடைக்கு உதவாது.

நிறம் உங்கள் இஷ்டம். ஆனால் மூடுபனியில் கூட வருகிறவர் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஆரஞ்சோ மஞ்சளோ நல்லது.

கேள்வி: பேன்ட் தேவையா? கால் நனைந்தால் என்ன?

வெக்கையான இடத்தில் தேவையில்லை. அரைக்கால் சட்டையோடு நடந்தால் கால் நனையும், மழை நின்றதும் சில நிமிடங்களில் காயும். தொடைத் தசைகள் வேலை செய்துகொண்டே இருப்பதால் அங்கே குளிர் எளிதில் ஏறாது.

நடுவாந்தர இடங்களுக்கு மழைப்பாவாடை இருக்கிறது. இடுப்பில் சுற்றி ஒட்டிக்கொள்ளும் மெல்லிய நைலான், முழங்கால் வரை வரும், 60 முதல் 90 கிராம். ஷூவைக் கழற்றாமல் அணியலாம், கீழே திறந்திருப்பதால் வியர்க்காது, இடைவேளையில் விரித்து உட்காரலாம். ஆண்கள் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம், மழையில் நீண்ட நாள் நடக்கிற ஆண்கள் பலர் இதைத்தான் உடுத்துகிறார்கள்.

குளிரும் காற்றும் சேர்ந்த இடம் என்றால் பேன்ட் கட்டாயம். கணுக்காலிலிருந்து முழங்கால் வரையாவது ஜிப் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேறு படிந்த ஷூவோடு உள்ளே காலை நுழைக்க முடியாமல் மழையில் ஒற்றைக்காலில் நின்று தடுமாறுவீர்கள். பேன்ட் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கால் முழுக்க நனைந்த பிறகு போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

கேள்வி: அம்மா, ஜாக்கெட்டைத் துவைத்தால் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அதனால் மூன்று வருஷமாகத் துவைக்கவில்லை. இப்போது மழையில் துணி கருத்துத் தண்ணீரைக் குடிக்கிறது. வேதிப்பொருள் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார்கள், அது உடம்புக்குக் கெடுதல் என்றும் படித்தேன்.

துவைக்காததால்தான் கெட்டிருக்கிறது. கழுத்திலும் கைமுனையிலும் படிந்த எண்ணெய், அழுக்கு, புகை எல்லாம் நீர்விலக்குப் பூச்சை மூடிவிட்டன. முதலில் துவைத்துப் பாருங்கள், ஸ்பிரே தேவையே இல்லாமல் போகலாம்.

ஜிப்களை எல்லாம் மூடி, ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, இதற்கென்றே விற்கும் திரவ சோப்பில், இல்லையென்றால் வாசனையும் சாயமும் இல்லாத மென்மையான திரவ சோப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் ஒரு சொட்டும் கூடாது, அது துணியில் படலமாகத் தங்கித் தண்ணீரை இழுக்கும். இரண்டு தடவை நன்றாக அலசுங்கள். காய்ந்த பிறகு, உள்ளே இருக்கும் அட்டையில் அனுமதித்திருந்தால், உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் போடுங்கள், அல்லது ஒரு துணியை மேலே விரித்து, ஆவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். சாய்ந்துபோன பூச்சு சூடு பட்டால் மறுபடி நிமிரும். அப்புறம் கைப்பகுதியில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு விழுந்தால் வேலை முடிந்தது. பரவினால்தான் ஸ்பிரே.

வேதிப்பொருள் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். பல வருஷங்களாக இந்தப் பூச்சுக்குப் பயன்படுத்தியது ஃப்ளூரின் சேர்ந்த பீஃபாஸ் என்ற வகை. தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்து விலக்குவதில் அதற்கு இணை கிடையாது, ஆனால் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது, உயிர்களின் உடம்பில் சேரும். அதனால் நாடுகள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு கொண்டுவருகின்றன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் துணிகளில் இதை வேண்டுமென்றே சேர்ப்பதற்குத் தடை, கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். கம்பெனிகளும் மாறிவிட்டன. இப்போது ஃப்ளூரின் இல்லாத ஸ்பிரேயும் சோப்பும் எளிதாகக் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள். ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புதுப் பூச்சு எண்ணெயை விலக்காது, அதனால் சீக்கிரம் அழுக்கேறும். இரண்டு மூன்று நடைக்கு ஒரு தடவை துவைப்பதும், அவ்வப்போது பூச்சைப் புதுப்பிப்பதும் இனி வழக்கமாகிவிடும். அந்த வேலைக்காகப் பழைய நஞ்சைத் திரும்பக் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: வாட்டர்புரூஃப் ஷூ?

நாள் முழுக்கப் பெய்யும் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்து உள்ளே இறங்கும், இறங்கினால் வெளியேறாது. பனியும் கடுங்குளிரும் இல்லாத இடத்துக்கு வலைத்துணி ஷூ போதும், நனையும், நடக்க நடக்க வடியும். இரவுக்கு ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைத் தனியாக வைத்திருங்கள், அதைப் பகலில் தொடவே கூடாது.

கேள்வி: என் மகன் நண்பர்களோடு முதல் தடவை உயரமான மலைக்குப் போகிறான். அங்கே இரவில் 5 டிகிரிக்கு இறங்குமாம். மழை ஜாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது போதுமா?

போதாது. இதை நன்றாகக் கவனியுங்கள்.

உறைபனியைவிட, 0 முதல் 10 டிகிரிக்குள் பெய்யும் மழைதான் நடக்கிறவர்களை அதிகம் வீழ்த்துகிறது. உறைபனியில் எல்லாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள், பனியும் உதறினால் விழுந்துவிடும். இந்த மழை உடம்போடு ஒட்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும், அதோடு காற்றும் அடித்தால் இன்னும் வேகம். உள்ளுடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரநிலை.

மேலே சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தெரியும், பல மணி நேர மழையில் நடக்கிற யாரும் முழுக்க உலர்ந்திருக்க முடியாது. மழையாலோ வியர்வையாலோ ஈரமாகத்தான் செய்வார்கள். மழை ஜாக்கெட்டின் முதல் வேலை காற்றை நிறுத்தி, அந்த ஈரத்தைச் சூடாக வைத்திருப்பது. அதனால் உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்பதுதான் முக்கியம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் கனத்து, காயவே காயாது. பாலியஸ்டர் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி உள்சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ். ஃப்ளீஸ் நனைந்தாலும் பிழிந்து போட்டுக்கொண்டால் சூடு தரும், இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் சுருண்டு பயனற்றுப்போகும், அதனால் அதை நடக்கும்போது போடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் பையின் உள்ளே. வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பக் கூடாது, முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும், காற்றில் உறை பறந்தும் போகும். கனமான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பையின் உள்ளே விரித்து, தூங்கும் பை, ஒரு முழு மாற்று உடுப்பு, சாக்ஸ் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டச் சொல்லுங்கள். அந்த மாற்று உடுப்பு கூடாரத்துக்குள் மட்டும்தான். காலையில் எழுந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு நேற்றைய ஈர உடுப்பைத்தான் மறுபடி போட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கொடுமையாக இருக்கும், நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிடும். உலர்ந்த உடுப்பைப் பகலில் போட்டு நனைத்துவிட்டால் அன்று இரவுக்கு எதுவும் மிஞ்சாது.

கைக்கு நீர்புகா மேலுறை ஒன்று வேண்டும், 50 கிராம்கூட இருக்காது. விரல் விறைத்தால் ஜிப் மூட முடியாது, கூடார முடிச்சு போட முடியாது, அங்கிருந்துதான் எல்லாம் சரிய ஆரம்பிக்கும்.

கூட்டாளிகள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: ஒருவர் நடுங்க ஆரம்பித்து, பேச்சு குழறி, கால் இடறி, எதைக் கேட்டாலும் 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று எரிச்சலாகச் சொன்னால் உடனே நின்றுவிட வேண்டும். அப்போதே கூடாரம் அடித்து, ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த உடுப்போடு தூங்கும் பைக்குள் படுக்கவைத்து, நன்றாக நினைவோடு விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். சூடு ஏறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது, உதவிக்கு ஆள் அழைக்க வேண்டிய நேரம் அது.

கேள்வி: அலமாரியில் ஐந்து வருஷம் மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்தேன், உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உதிர்கிறது. சரிசெய்ய முடியுமா?

முடியாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதையும், ஈரத்தோடு மடித்து வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். துவைத்தாலும் ஸ்பிரே அடித்தாலும் திரும்பாது. சின்னக் கிழிசல் என்றால் ஒட்டுத்துணி போட்டுச் சமாளிக்கலாம், தையல் நாடா உரிந்திருந்தால்கூடப் பசை வைத்து ஒட்டலாம், பூச்சே உதிர்ந்தால் வழி இல்லை. ஜிப்பையும் கயிற்றுப் பூட்டுகளையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு உதவும். புதிதாக வாங்குவதை உறைக்குள் திணித்து வைக்காமல், நன்றாகக் காயவைத்து, வெயில் படாத இடத்தில் ஹாங்கரில் தொங்கவிடுங்கள்.